மூன்று, இடைவெளி, ஒன்று

இவ்வளவு வெறியோடு அடிக்கிறவனுக்கு இந்தச் சென்சார் எத்தனை நாள் தாங்கும்?

சால்டரிங் புகையை ஊதித் தள்ளியபடி அவள் நினைத்துக்கொண்டாள். மாடி வீட்டுக்காரன் தன் எலக்ட்ரானிக் டிரம்மைக் காலையில்தான் கொண்டுவந்து இறக்கியிருந்தான். அதன் பெட்டியில் குச்சி விழும் ரப்பர் பேட்கள் நான்கைச் சொருகத்தான் இடம். இன்னும் இரண்டு வேண்டுமாம். இப்படிப்பட்ட சாமான்களைத் திறந்து மூடுவதுதான் அவள் பிழைப்பு. வீட்டின் முன்னறையே பட்டறை.

அவன் அடி அவளுக்கு அத்துப்படி.

ஒரு வருடமாகத் தலைக்கு மேல் கேட்கிறாள். மாலை ஏழு மணிக்கு மேல். தட் தட் தட். ஒருமுறை மூச்சு விடும் நேரம். பிறகு கடைசியாக ஒன்று, கூரைச் சுண்ணாம்பு உதிரும்படி.

ஆரம்பத்தில் பல்லைக் கடித்துக்கொண்டாள். போகப் போக, வெளியே சொன்னால் வெட்கம், அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கத் தொடங்கினாள்.

அவள் யார் மீதும் கை ஓங்கியதில்லை. பேசிப் பேசியே தன்னைக் கூனிக்குறுக வைத்த அண்ணனை, பத்து வருடம் உழைப்பை உறிஞ்சிவிட்டு ஒரே கையெழுத்தில் வெளியே தள்ளிய மேனேஜரை, மனதுக்குள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து அந்த அடியின் கீழே நிறுத்துவாள். மூன்றாவது அடியில் முட்டி மடங்கும். நான்காவதில் மண்டை பிளக்கும்.

அதன் பிறகு சாப்பாடு நன்றாக இறங்கும்.

அதனால்தான் எப்படி வைக்க வேண்டும் என்று அவனிடம் கேட்கவில்லை. ஆறு பேட்களையும் முரட்டு அடிக்கு ஏற்றபடி வைத்தாள். லேசாகத் தட்டினால் பெட்டி காதில் போட்டுக்கொள்ளாது. ஓங்கி விழுந்தால்தான் முழங்கும். பழைய பேட்களின் ரப்பர் நடுவில் துளிகூடத் தேயாமல் இருந்தது. நல்ல சரக்கு என்று நினைத்தாள்.

ஐந்து மணிக்கு அவன் வந்தான். பின்னால், சாமான்களைத் தூக்கிப் போக, அவன் மனைவி. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சிரித்துவிட்டு ஓடிவிடும் பெண். இப்போதும் வாசலைத் தாண்டி வரவில்லை.

அவன் குச்சிகளை விரல் நுனியில் ஆடவிட்டு ஒவ்வொரு பேடாகத் தொட்டான். பூனை நடப்பதுபோல.

ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை.

“என்னக்கா, ஊமையாக்கிட்டீங்க?”

“ஓங்கி அடிங்க தம்பி. உங்க கைக்கு ஏத்த மாதிரிதான் வெச்சிருக்கேன்.”

“ஓங்கியா? நானா?” அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மெதுவா வாசிக்கிறதுக்குன்னே என்னைக் கூப்பிடுறாங்கக்கா. நான் குச்சி உடைச்சே ஆறு வருஷமாச்சு. வீட்டுல வாசிச்சா பக்கத்துல படுத்திருக்கிறவகூட முழிக்கமாட்டா.”

“அப்போ தினம் கேக்குதே, இது?”

குச்சியை அவன் கையிலிருந்து வாங்கினாள். ஒரு வருடம் கேட்ட தாளம். கை தானாக ஓடியது. தட் தட் தட். மேசை அதிர்ந்தது.

இடைவெளி விட்டு, நான்காவதற்குக் கையை ஓங்கினாள்.

குச்சி இறங்குவதற்கு முன்பே, வாசலில் நின்ற பெண் முகத்தைத் திருப்பி இடது தோளைக் காதுவரை உயர்த்திக்கொண்டாள். மிகச் சரியான நேரத்தில்.

குச்சி இறங்கவேயில்லை.

அவன் சிரிப்பும் நின்றிருந்தது. “அதுவா? கால் பெடல் சத்தம்கா அது,” என்றான். “நீங்கதானே அன்னிக்கு எல்லார்கிட்டயும் சொன்னீங்க?”

ஆமாம். அவள்தான் சொன்னாள்.

போன மாதம் குடியிருப்பவர்கள் கூடியபோது, பக்கத்து வீட்டம்மா தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார், அது டிரம் சத்தம் மாதிரி இல்லையே என்று. இவள்தான் இடைமறித்து, காலால் மிதிக்கிற பெடல் தரை வழியாக எப்படி இடிக்கும் என்று விலாவாரியாக விளக்கினாள். வேலை தெரிந்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் கலைந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற இந்தப் பெண் அப்போது வேறெங்கும் பார்க்காமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தது இப்போதுதான் உறைத்தது.

மனதிலிருந்து அண்ணன் போனான். மேனேஜர் போனார். அந்த அடியின் கீழே ஒரு வருடமும் இந்தப் பெண் ஒருத்திதான் நின்றிருந்தாள்.

“சரி விடுங்க. லேசா தொட்டாலும் கேக்குற மாதிரி வெச்சுக் குடுங்க. நேரமாகுது.” மனைவியின் பக்கம் திரும்பாமலே, “மத்ததை எடு,” என்றான்.

இவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். மூடியிருந்த பெட்டியைத் திறந்து, காலையிலிருந்து பற்றவைத்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். பிறகு எழுந்து போய், வாசலில் நின்றவளின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து தன் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

ஒயர்களைப் பார்த்தான் அவன். நாற்காலியைப் பார்த்தான்.

“டிரம் இங்கயே கிடக்கட்டும்கா. அவளை அனுப்புங்க.” குரலில் அதே பூனை நடை.

“இல்ல தம்பி,” என்றாள்.