பதினோரு மாதப் பெண்கள்

“கையெழுத்துப் போடப் போறியா? நீ என்ன நாட்டையா ஆளப் போற? கட்டைவிரலை நீட்டு!”

சலவைக்கூடத்துக் குமாஸ்தா அப்படித்தான். படுக்கை விரிப்பு மடிக்கும் அவளுக்கு எழுதப் படிக்க நன்றாகவே தெரியும். இருந்தாலும் விடமாட்டார். விரலைப் பிடித்து மையில் புரட்டிப் பதிவேட்டில் அழுத்துவார்.

“சரியா விழல. அந்தத் தழும்பு தெரியணும். இன்னொரு தரம்.”

இஸ்திரி உருளை சுட்ட தழும்பு. அதை ஊரைக் கூட்டிக் காட்டணுமா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பதினோரு மாதம் முடிந்தால் அவள் பெயர் செத்துவிடும். மறுநாள் வேறு பெயரில் ‘புது ஆள்’. வருஷம் நிறைந்தால் நிரந்தரமாக்க வேண்டுமே! நீராவிப் புகைக்குள் யாராவது பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பக் கூடாது. அது மேனேஜர் உத்தரவு.

“அம்மா, இப்ப உன் பேரு என்ன?” என்று மகளே கேட்பாள்.

இப்படி ஆறு பெயர். ஏழாவது வேண்டாம் என்றாள்.

“அப்ப நீயும் வேண்டாம்” என்றார் மேனேஜர்.

தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். விசாரணையன்று, குமாஸ்தா சுமந்து வந்த பதிவேட்டை மேனேஜரே வாங்கி நீட்டினார்.

“அஞ்சரை வருஷம் வேலை பார்த்தாளாம்! பாருங்க சார், ஆறும் வேற வேற பொம்பளைங்க. ஆளுக்குப் பதினோரு மாசம்.”

“மத்தவங்கல்லாம் இப்ப எங்கே?” என்றார் நடுவர்.

“போயிட்டாங்க.”

“எங்கே போனாங்க? அஞ்சு பேர்ல ஒருத்தரைக்கூட யாரும் வெளியில பார்த்ததில்லையா?”

நடுவர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் உடம்பு தானாக எழுந்து நின்றது. பின்பெஞ்சில் அந்தப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

நடுவர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பக்கம் பக்கமாக நகர்த்தினார். கை நின்றது.

“என்னய்யா இது... ஆறு பேருக்கும் ஒரே இடத்துல ஒரே தழும்பு?”

மேனேஜர் குமாஸ்தா பக்கம் பாய்ந்தார்.

“யோவ், எழுதத் தெரிஞ்சவகிட்ட வருஷா வருஷம் எதுக்குய்யா கைநாட்டு வாங்கின?”

குமாஸ்தா எழுந்து பணிவாகக் கைகட்டினார்.

“பேரை மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன். விரலை மாத்தச் சொல்லலையே சார்!”