அசல் போலவே ஒரு கொடி

சின்னச் சர்க்கரை மூட்டை ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு, கிழிந்த கொடியைப் பெரீனின் மடியில் போட்டான் ரெனுஃப்.

“பன்னிரண்டாவது கப்பல், அக்கா! காபி, சர்க்கரை, சாயம், எல்லாம் அடிவயிறு வரைக்கும் ரொப்பி வெச்சிருந்தான். எல்லாம் உங்க கொடி புண்ணியம்.”

இங்கிலாந்துக் கொடி. சிவப்புத் துணி, மூலையில் நீலச் சதுரம், அதன்மேல் சிலுவைப் பட்டைகள். காற்று ஒரு ஓரத்தைக் கிழித்திருந்தது. பிரான்ஸின் சான் மாலோ துறைமுகத்தில் எதிரியின் கொடியைத் தைப்பது துரோகம் இல்லை. நல்ல கூலி கிடைக்கும் வேலை. அதைப் பறக்கவிட்டால்தான் எதிரிக் கப்பல் பயமில்லாமல் கிட்ட வரும்.

வெளியே கோட்டைச் சுவரில் பீரங்கி வெடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். சும்மா கடலில் கொள்ளையடித்தால் தூக்கு. அரசாங்கம் ஒரு அனுமதிச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால், அதே கொள்ளைக்கு ஊரே கரையில் கூடிக் கைதட்டும். ரெனுஃப் வந்திறங்கிய ‘குறும்புக்காரி’ என்ற கப்பல் இரண்டு வருடமாக இப்படித்தான் கௌரவமாகப் பிழைத்து வந்தது.

பெரீன் ஊசியில் நூல் கோத்தாள். கண் ஜன்னல் வழியாகத் துறைமுகத்திலேயே இருந்தது. எஃப்லாமின் உப்புப் படகு வரவேண்டிய நாள் கடந்து ஐந்து நாளாகிவிட்டது.

இங்கிலாந்துக்காரன்தான் பிடித்துக்கொண்டு போயிருப்பான் என்று ஐந்து நாளாக அவர்கள் வம்சத்தையே சபித்துக்கொண்டிருந்தாள்.

எஃப்லாம் அவள் புருஷன். போன சண்டையில் அவர்களிடம் பிடிபட்டு, பாய்மரம் பிடுங்கிய பழைய கப்பலின் அடித்தட்டில் மூன்று வருடம் அடைபட்டுக் கிடந்தவன். நடுவில் சமாதானம் வந்து வீடு திரும்பியபோது வாயில் பாதிப் பல் இல்லை. ‘இனி அந்தக் கொடிக்காரன் கையில் சிக்கமாட்டேன், அதற்குப் பாறையில் மோதிச் சாவேன்’ என்று தூக்கத்தில்கூடச் சொல்வான்.

இந்தக் கொடிக்கு யோசனை சொன்னதும் அவன்தான். பெரீன் முதலில் தைத்துக் கொடுத்ததைப் பார்த்த ஆங்கிலக் கப்பல் ஒன்று, போலி என்று கண்டுபிடித்துத் தப்பிவிட்டது. கேப்டன் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார். அப்போது எஃப்லாம் அவளோடு உட்கார்ந்து, எந்தப் பட்டை எத்தனை விரல் அகலம் என்று அளந்து சொன்னான். புதுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் போட்டு வெளுக்கவைத்தான். மூன்று வருடம் தினமும் பார்த்த கொடி, மறக்குமா? அதற்குப் பிறகு ஒரு கப்பலும் தப்பவில்லை.

ரெனுஃப் நார்மண்டிக்காரன். இந்தப் பயணத்துக்குத்தான் கப்பலில் சேர்ந்தான். ஊரில் யாரையும் தெரியாது. கொஞ்சம் குடித்திருந்தான், அதனால் போகாமல் நின்று பேசினான்.

“உங்க கொடி நம்மாளையே ஏமாத்திருச்சு, தெரியுமா? செவ்வாய்க்கிழமை காலையில, ஃப்ரேஹெல் முனைகிட்ட. லேசா மூடுபனி. கப்பலுக்கு வேற மஞ்சள் பட்டை அடிச்சு அச்சு அசலா இங்கிலீஷ்காரனாவே நிக்கறோம். நம்ம நாட்டுப் படகு ஒண்ணு எதிர்ல வருது. கொடியைப் பார்த்தானோ இல்லையோ, தலைதெறிக்க ஓடறான்க்கா!”

அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

“அதை இறக்கிட்டு நம்ம கொடியைக் காட்டியிருக்கலாமே,” என்றாள் பெரீன்.

“காட்டியிருந்தா நின்னிருப்பான். ஆனா அந்தப் பக்கம் காபிக் கப்பல் நம்மளைத் துணைன்னு நெனச்சுக் கிட்ட வந்துக்கிட்டிருக்கே! கொடியை இறக்கினா அது போச்சு. ‘ஓடறவன் ஓடட்டும், விடு’ன்னுட்டார் கேப்டன்.”

“அப்புறம்?”

“நேரா பாறைக்கு நடுவுல போய்ச் சொருகிட்டான், கிறுக்கன். பிடிபட்டா தலையையா சீவிடப் போறாங்க? ஜெயில்ல ரொட்டியாவது கிடைச்சிருக்கும்.”

ஊசி நின்றது.

“படகு எப்படி இருந்துச்சு?”

“பழுப்புப் பாய். நடுவுல சதுரமா ஒரு நீல ஒட்டு. அது தண்ணிக்குள்ள சாயற வரைக்கும் தெரிஞ்சுது.” அவள் முகத்தைப் பார்த்து அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “ஒரு குண்டுகூட நாங்க சுடலைக்கா. பொய்க் கொடியைப் பறக்கவிட்டுக்கிட்டுச் சுட்டாத்தான் சட்டப்படி குத்தம். கேப்டன் அதுல ரொம்பக் கறார்.”

கறாரான மனுஷர்தான். பன்னிரண்டு கப்பலைப் பிடித்ததில் ஒரு விதியைக்கூட அவர் மீறியதில்லை.

“அதுல இருந்தவங்க?”

“தெரியலையே. காபிக் கப்பலைப் பிடிக்கிற அவசரத்துல யாரு திரும்பிப் பார்த்தா? சரி, நாளைக்கு மறுபடி கிளம்பறோம். காலையில வந்து கொடியை வாங்கிக்கறேன். சர்க்கரையை ஈரம் படாம வைங்க.”

அவன் போய்விட்டான். பீரங்கிச் சத்தம் ஓயவில்லை. பெரீனுக்கு அழுகை வரவில்லை. அந்தப் பீரங்கி வெடிக்கிறவர்கள் கையெல்லாம் அழுகிப்போகட்டும் என்று தோன்றியது. பிறகு தன் கையைப் பார்த்தாள். அது கொடியின் நீல மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் இந்தக் கொடி தைத்து முடிந்த அன்று, எஃப்லாம் அதை எதிர்ச் சுவரின் ஆணியில் தொங்கவிட்டு, வாசல்வரை பின்பக்கமாகவே நடந்து போய் நின்று பார்த்தான். முகம் வெளிறிவிட்டது. அப்புறம் அசடு வழியச் சிரித்தான்.

“நானே பார்த்தா ஓடிருவேன்டி, பெரீன்.”

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மிச்சமிருந்த நீலத் துணியைச் சதுரமாக வெட்டி, அவன் படகின் பழுப்புப் பாய்க்கு அன்றைக்கே ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள்.