கரடியோடு இரண்டு ஆட்டம்

காட்டில் சடுகுடு சீசன் முடிய ஒரே ஆட்டம்தான் பாக்கி. பன்னிரண்டில் ஆறு ஜெயித்தால்தான் திருவிழாப் பந்தயத்தில் இடம். நரி அணி நத்தை, ஆமை என்று பார்த்துப் பார்த்து ஆட்டம் கேட்டு வாங்கி ஆறை முடித்துவிட்டது. கீரி அணிக்கோ ஐந்துதான். கடைசி ஆட்டம் கரடிகளோடு.

அட்டவணையைப் புங்கமரத்தில் கொத்தி வைத்த மரங்கொத்திக்கு அன்றுதான் உறைத்தது. கரடிகளோடு கீரிகள் ஏற்கெனவே ஒருமுறை ஆடித் தோற்றாயிற்று. அந்த இடத்தில் வரவேண்டியது தவளைகளின் பெயர்!

பதறியடித்துக்கொண்டு கீரித் தலைவியிடம் பறந்தது. "தப்பு என்னோடதும்மா. சங்கத்துல சொல்லி மாத்திடறேன். தவளைன்னா கண்ணை மூடிக்கிட்டு ஜெயிச்சுடுவீங்க."

கீரி வாலில் ஒட்டிய மண்ணைத் தட்டியது. "போன தடவை கரடியோட காலைப் பிடிச்சும் விட்டுட்டோம்ணே. அன்னையிலேர்ந்து அந்தப் பிடியைத்தான் பழகிட்டிருக்கோம். இப்பப் போய் தவளைன்னா எப்படி?"

கீரிகள் ஆடின. மூன்று கரடிகளை மண்ணைக் கவ்வ வைத்தன. ஒரே ஒரு புள்ளியில் தோற்றன. திருவிழாவுக்கு நரிகள் போயின.

மறு வருஷம் அட்டவணை கொத்த உட்காரும்போதே, இலை நிறையக் கொழுத்த புழுக்களோடு நரித் தலைவர் வந்து நின்றார். "எங்களுக்கு யாரை வேணும்னாலும் போடுங்க. கீரி மட்டும் வேண்டாம்."

மரங்கொத்தி நிமிர்ந்து பார்த்தது. நரிக்குப் பின்னால், வரிசையில், இன்னொரு புழு இலையோடு கரடியும் நின்றுகொண்டிருந்தது.