துண்டுக்குள் பேசிய ஃபீஸ்

"இந்த மனுசனைப் பாருங்க சார். புத்தி உள்ள ஆளு மாதிரியா தெரியுது?"

சண்முகராஜ் கத்திய கத்தலில் கொடைக்கானல் வக்கீல் சங்க அறையின் கண்ணாடிச் சன்னலே அதிர்ந்தது. அவனுடைய அப்பா திருமலைச்சாமி மட்டும் அசையவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வெளியே ஏறி வந்த மேகத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"புகார் என்ன? அதைச் சொல்லுங்க தம்பி" என்றார் சங்கத் தலைவர் சேனாதிபதி.

"எனக்குத் தெரியாம இந்த சுசித்ரா மேடம் இவர்கிட்ட வக்காலத்துல கையெழுத்து வாங்கியிருக்காங்க. ஃபீஸ் இருபத்தஞ்சாயிரம்! ஒரு பாதைத் தகராறுக்கு இம்புட்டா? பேத்துப்பாறைத் தோட்டத்தைப் போன வருசமே எனக்கு எழுதிக் குடுத்துட்டாரு. பெறகு இவருக்கு என்ன கேஸு வேண்டிக்கெடக்கு?"

"பாதைத் தகராறுன்னு நான் சொல்லலையே" என்றாள் எதிரே இருந்த சுசித்ரா. "கட்சிக்காரர் சம்மதமில்லாம கேஸைப் பத்திப் பேச முடியாது. ஃபீஸு நாற்பது கேட்டேன். ஐயா என் கைமேல துண்டைப் போட்டு, உள்ள விரலைப் புடிச்சே பேரம் பேசி, இருபத்தஞ்சுல நிறுத்திட்டாரு."

தலைவர் சிரித்துவிட்டார். "மாட்டுச் சந்தைத் தரகரா இருந்தவராச்சே! இப்படிப் பேரம் பேசுறவருக்கா புத்தியில்ல?"

சண்முகராஜுக்கு எரிச்சல் தலைக்கேறியது. காலையில் இதே புகாரோடு போன போலீஸ் ஸ்டேஷனிலும் இப்படித்தான் சிரித்தார்கள்.

"வக்கீலம்மா கைய மாட்டுச் சந்தைன்னு நெனச்சுப் புடிக்கிறதுதான் புத்தியா சார்?"

"வக்காலத்து போட்டது போன மாசம்தானே? அப்ப வரைக்கும் நல்லாத்தான் இருந்திருப்பாரு" என்று தலைவர் இழுத்தார்.

விட்டால் ஃபீஸும் போய்விடும், புகாரும் போய்விடும் என்று தோன்றியது அவனுக்கு.

"நல்லா இருந்தாரா? எங்கம்மா செத்து மூணு வருசமாச்சு சார். அன்னைலேர்ந்தே இவரு இப்படித்தான். பெத்த மகனையே யாருங்கிறாரு! தோட்டத்துல டூரிஸ்ட்டுக்கு டென்ட் போட்டிருக்கேன். அந்த வேலைக்கு நடுவுல இவரையும் பின்னால ஷெட்டுல படுக்க வச்சு சோறு போடுறேன்."

"மூணு வருசமாவா? கோர்ட்டுலயும் இதைச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள் சுசித்ரா.

"எந்தக் கோர்ட்டுல வேணாலும் சத்தியம் பண்ணுவேன்!"

திருமலைச்சாமி மேகத்திலிருந்து முகத்தைத் திருப்பினார். மகனை நிதானமாக ஒரு பார்வை பார்த்தார்.

"வக்கீலம்மா, கேட்டுக்கிட்டீங்களா? இவனுக்குத் தோட்டத்தை எழுதிக் குடுத்தப்பவும் எனக்குப் புத்தியில்லையாம்!"