செவுரு கட்றவன்

"செவுரு கட்றவன் சிக்கிட்டான்டி! கும்பல்லேர்ந்து தனியா பிரிச்சிட்டேன்!" என்று ஜானட் தோழியிடம் செல்போனில் கத்தினாள்.

ராயபுரம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய ஜார்ஜ் சட்டென்று உள்ளே எட்டிப் பார்த்தார். லேபு, ஆராய்ச்சி என்று மகள் ராப்பகலாக அலைந்ததை அவர் என்றைக்குமே முழுசாக நம்பியதில்லை.

"யார்மே அவன், கொத்தனாரா?"

"ஒரு வகைல அப்டித்தான் நைனா" என்று சிரித்தாள்.

"அவன் கும்பல் சும்மா உடுமா? வூடேறி வந்து பேஜாரு பண்ணா?"

"பண்ணாது. இவனை வெச்சே கும்பலைத் தீர்த்துக் கட்டப்போறேன்."

ஜார்ஜ் கையை நீட்டினார். "போட்டோ கீதா? காட்டு."

போட்டோவில் ஒரே ஒரு நீலக் கோடு இருந்தது.

"நெல்லுப் பயிரைக் கருக வெக்கிற பூஞ்சை கீதுல்ல, அதோட செல்லைச் சுத்திச் செவுரு கட்ற என்சைம் இது. பூஞ்சைக்குள்ள கும்பலா கீற மத்த எதுவும் கலக்காம சுத்தமா எடுத்துட்டேன், அதான் ஒரே கோடு நைனா! இவன் கையைக் கட்டிப்போட மருந்து கண்டுபுடிச்சா, செவுரு இல்லாம பூஞ்சை செத்துடும்!"

ஜார்ஜ் வீடே அதிரச் சிரித்தார்.

"ஏ எல்சி! எவனையோ இட்டுகினு ஓடப்போறாளோன்னு பயந்தேன். உம் பொண்ணு பூஞ்சையோட மேஸ்திரியையே தூக்கிகினு வந்துகீறா!"