பரம்பரை ஏழைகள்

"என் கொள்ளுத் தாத்தா செருப்புத் தைச்சவர்!" என்றார் வக்கீல் ரூபர்ட், ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி.

டெர்பிஷையரில் அவருடைய பெரிய வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து. மேஜையைச் சுற்றி எட்டுப் பேர். நடுவில் வெள்ளிக் கிண்ணத்தில் மசித்த பட்டாணி. தொழிலாளிகள் சாப்பாடு என்பதால் அதற்கு இன்று தனி மரியாதை.

"செருப்பு என்ன பெரிய செருப்பு? எங்க தாத்தா பதினாலு வயசுல நிலக்கரிச் சுரங்கத்துல இறங்கினவராக்கும்!" என்றார் டாக்டர் பியர்ஸ்.

"இறங்கினார், சுத்திப் பாத்தார், ஏறிட்டார்" என்றாள் அவர் மனைவி. "சுரங்கமே அவங்க அப்பாவோடதுதானே!"

மேஜையே சிரித்தது. பியர்ஸ் மட்டும் பட்டாணியை உற்றுப் பார்த்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த ஜேனிசுக்குச் சிரிப்பு வரவில்லை. பார்ன்ஸ்லி என்கிற சுரங்க ஊர்க்காரி. அவளுடைய அப்பா இருபத்தெட்டு வருஷம் சுரங்கத்தில் உழைத்து, நெஞ்சு நிறையக் கரித்தூளோடு செத்தவர். பள்ளிக்கூடத்தில் 'அப்பா என்ன வேலை?' என்று யாராவது கேட்டால் பதில் சொல்லக் கூசியிருக்கிறாள். இங்கே என்னடா என்றால், வறுமையை ஏலம் போடுகிறார்கள்!

சமையலறைக்கு வந்து தட்டுகளை ணங்கென்று வைத்தாள்.

"மெதுவா, கண்ணு. உடைஞ்சா நம்ம தலையிலதான் விடியும்" என்றாள் வின்னி. எழுபது வயசு. ஜேனிஸோடு சேர்ந்து விருந்து வீடுகளில் பரிமாற வருகிறவள்.

"உங்களுக்குக் கோபமே வராதா வின்னி?"

"எதுக்கு? நல்ல வேடிக்கை. பாக்கறதுக்குச் சம்பளம் வேற தர்றாங்க."

ஜேனிசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'தலைமுறை தலைமுறையா பெரிய மனுஷங்க முன்னாடி கைகட்டியே நின்ன குடும்பம் போல. முதுகு வளைஞ்சே பழகிடுச்சு, பாவம்' என்று நினைத்துக்கொண்டாள்.

இன்னொரு தாத்தா கதை வரட்டும், வேலை போனாலும் சரி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்ற முடிவோடு வின்னியின் பின்னால் உள்ளே போனாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ரூபர்ட் முந்திக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்க வின்னி. உங்க அப்பா என்ன பண்ணிட்டிருந்தார்?"

வின்னி ஆப்பிள் புட்டிங்கைப் பதமாக மேஜையில் இறக்கினாள். "நிலந்தான் சார். கடைசி வரைக்கும் நிலத்தையே நம்பி இருந்துட்டார்."

"கேட்டீங்களா! மண்ணோட மண்ணா உழைச்ச ஜனங்க!"

எட்டுக் கோப்பைகளும் உயர்ந்தன. பியர்ஸின் மனைவி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு, "அப்படியே இந்த எச்சில் தட்டையும் எடுத்துட்டுப் போயிடும்மா" என்றாள்.

சமையலறையில் ஜேனிஸின் குரல் தணிந்திருந்தது. "எங்க அப்பா சுரங்கத்துல, உங்க அப்பா வயல்லயா? எத்தனை ஏக்கர்ல கூலி வேலை?"

"ஏக்கர் ஆறாயிரம் இருந்தது. கூலி வேலை இல்லை."

"அம்மாடி! பின்னே, யாரோட நிலம்?"

"எங்களோடதுதான்."

வின்னி ஈரக் கையால் ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். எதிர்க் குன்றின் மேல் இருபது புகைபோக்கிகளோடு ஒரு மாளிகை. "அதுலதான் பிறந்தேன். அப்பா பேருக்கு முன்னாடி 'லார்டு'ன்னு ஒண்ணு ஒட்டிட்டிருந்தது. பாதி சூதாட்டத்துல போச்சு, மீதி வரியில போச்சு. முப்பது வயசு வரைக்கும் என் ஷூவைக்கூட நானே மாட்டினதில்லை. வேலைக்குப் போக ஆரம்பிச்ச அப்புறந்தான் கண்ணு, சாப்பாடே ருசிச்சது."

ஜேனிசுக்குச் சற்று முன் மனசுக்குள் திட்டியதை நினைத்து முகம் சிவந்தது.

"இதை உள்ளே சொல்லியிருந்தா அத்தனை பேர் மூஞ்சியும் எப்படிப் போயிருக்கும்! ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா அவ்வளவுதான். எட்டுப் பேரும் எழுந்து நின்னு, நாற்காலி போட்டு என்னையும் நடுவுல உட்கார வெச்சிருப்பாங்க" என்றாள் வின்னி. "சாயங்காலம் வரைக்கும் அவங்க தாத்தா கதையெல்லாம் யாரு கேக்கிறது?"