படத்துக்குள் ஒரு பூட்டு

"படத்துக்குள்ள எதையோ ஒளிச்சு வச்சு யாருக்கோ அனுப்பறா சார். என்னன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

கணவன், பக்கத்தில் நின்ற மனைவியின் போனை நீட்டினான்.

"எங்கிட்ட வந்துட்டீங்கல்ல, கவலைய விடுங்க. படத்துக்குள்ள ஊசிய ஒளிச்சாலும் உருவிடுவேன்," என்றார் செல்போன் ரிப்பேர்க் கடைக்காரர். வாய்க்குப் பஞ்சமில்லாத மனுஷன்.



கணவன் சொன்னது பொய்யில்லை. இணையத்தில் தோட்டப் பிரியர்கள் பக்கம் ஒன்றில் தினமும் ஒரு செடிப் படம் போடுவாள். அதற்குள் அக்காவுக்கு நாலு வரி இருக்கும். அக்காவோடு போனில் பேசினால் அடி விழுமே, வேறென்ன செய்வாள்?

எழுத்தைப் படத்துக்குள் பூட்டிவைக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தது கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அக்காதான். அந்தப் பூட்டை யாரும் பூட்டலாம். திறக்கும் சாவி அக்காவிடம் மட்டும். பூட்டியபின் அவளாலேயே திறக்க முடியாது. பார்ப்பவர்களுக்கோ பூட்டு இருப்பதே தெரியாது.

இன்று காலைப் படத்துக்குள், "சனிக்கிழமை வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுக்கா" என்று எழுதியிருந்தாள்.

"ஏதாச்சும் இருக்கட்டும், வீட்டுக்குப் போய் வச்சுக்கறேன்," என்று கணவன் பல்லைக் கடித்தான்.

கடைக்காரர் தலை நிமிரவில்லை. படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ரோஜாவா இது? இலையெல்லாம் புள்ளி விழுந்திருக்கே. மருந்து அடிங்கம்மா."

"செடிக்கு வைத்தியம் பாக்கவா உங்ககிட்ட வந்தோம்?"

கால் மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தவர் கொட்டாவி விட்டார்.

"ஒண்ணுமே இல்ல சார். வெறும் செடி."

"நல்லாப் பாத்தீங்களா?"

"சல்லடை போட்டுச் சலிச்சாச்சு."

"பெரிய நிபுணராம்! போர்டு மட்டும் ஆளுயரத்துக்கு." கணவன் முணுமுணுத்தபடி பைக்கை எடுக்க வெளியே போனான்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்லவேளை, வெறும் வாய்ச்சவடால்தான் என்று நினைத்துக்கொண்டே போனுக்குக் கை நீட்டினாள்.

கடைக்காரர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்துப் போட்ட ரோஜாப் படத்தையே இன்னிக்கும் போட்டிருக்கீங்கம்மா. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கம்ப்யூட்டர்ல பக்கத்துல பக்கத்துல வச்சா வேற வேறன்னு காட்டிக்குடுத்துடும். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். உங்க பக்கத்துலேருந்து நேத்துப் படத்தை அழிச்சுட்டேன். இனிமே தினம் புதுசா ஒரு படம் எடுங்க."